மெடிக்கல் கோடிங் படிக்கக் கடன் வாங்கலாமா? ஏஐ காலத்தில் ஒரு பதில்

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து ஒரு வருடம் ஆகிறது, மெடிக்கல் கோடிங் (மருத்துவ ஆவணத்தைப் படித்து, இன்சூரன்ஸுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைக் குறிக்கும் வேலை) பயிற்சிக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள், அப்பா கடன் வாங்கிக் கட்டுகிறேன் என்கிறார், ஏஐ வந்த பிறகு இந்த வேலை இன்னும் ஐந்து வருடமாவது இருக்குமா? கேள்வியில் ஏஐ என்று இருந்தாலும், அப்பா வாங்கும் கடன் அடையும்வரை சம்பளம் வருமா, அதற்கு அப்புறமும் இந்தத் துறையில் நான் ஒரு ஆளாக நிற்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் வேறு வேறு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2001இல் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தேன். 2013இல் கோடிங்குக்கு மாறினேன். இப்போது ஒரு குழுவின் கோடிங்கை ஆடிட் செய்வதும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. ஏஐ மென்பொருள் எழுதுகிறவள் இல்லை நான். ஆனால் அப்படி ஒன்று நம் மேசைக்கு வந்து சேர்ந்தால் வேலையும் கூலியும் என்ன ஆகின்றன என்பதை ஒரு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன், இப்போது இரண்டாவது முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இங்கே உட்கார்ந்து நாம் செய்கிற வேலையைப் பற்றி மட்டும்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும். மற்ற துறைகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

டிரான்ஸ்கிரிப்ஷன் எப்படி இருந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் டாக்டர் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் அன்றைய விவரங்களை ஃபோனில் பேசிப் பதிவு செய்வார். அங்கே ராத்திரி ஆகும்போது நமக்குப் பகல். அவர்கள் விடிந்து எழுந்திருப்பதற்குள் அறிக்கை தயாராகிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஃபுட் பெடல். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி, அந்த வரிக்கணக்குத்தான் சம்பளம். சேர்ந்த முதல் ஆறு மாதம் தெளிவாகப் பேசுகிற டாக்டர்களின் பதிவுகளை மட்டும்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். நிதானமாக, ஒரே வரிசையில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிற குரல்கள். அந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் மருந்துப் பெயர்களும் உறுப்புகளின் பெயர்களும் காதில் ஏறின. அப்புறம்தான் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர், காரில் போய்க்கொண்டே பேசுகிறவர், வேறு நாட்டு உச்சரிப்புக்காரர் என்று ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்தார்கள்.

அந்த வேலையில் எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது பிளாங்க் விடுவது. ஒரு சொல் சரியாகக் கேட்கவில்லை என்றால் கோடு போட்டு, பதிவில் எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடி என்று குறித்து, மேலே கியூஏவுக்கு (தரம் சரிபார்ப்பவர்களுக்கு) அனுப்ப வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. ஹைப்போ என்றாரா ஹைப்பர் என்றாரா, ஃபிஃப்டீன் என்றாரா ஃபிஃப்டி என்றாரா என்பதில் ஒரு நோயாளியின் மருந்து அளவு மாறிப் போகும். பிளாங்க் அதிகம் விட்டால் திட்டு விழும். ஊகித்து எழுதி மாட்டினால் வேலை போகும். இந்தப் பிளாங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கோடிங்கிலும் இது திரும்ப வரும்.

2008 வாக்கில் எங்கள் அலுவலகத்துக்குப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. யாரையும் அனுப்பவில்லை. இனிமேல் நீங்கள் டைப் அடிக்க வேண்டாம், மிஷின் டிராஃப்ட் கொடுக்கும், கேட்டுக்கொண்டே திருத்தினால் போதும் என்றார்கள். எங்கள் பதவியின் பெயரும் எடிட்டர் என்று மாறியது, எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த மாதச் சம்பளத்தில்தான் விஷயம் புரிந்தது. எடிட்டிங்குக்கு வரிக்குப் பாதிக் காசு. திருத்துவது டைப் அடிப்பதைவிட இரண்டு மடங்கு வேகம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தெளிவாகப் பேசுகிற டாக்டர்களுக்கு அந்தக் கணக்கு சரிதான். மற்றவர்களுக்கு, டிராஃப்டை அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பதே சீக்கிரம் முடிந்தது, ஆனால் காசு எடிட்டிங் காசுதான். கொஞ்ச நாளில் தெளிவான பதிவுகளை மிஷினே ஏறக்குறையச் சரியாக முடிக்க ஆரம்பித்தது. கஷ்டமானவை மட்டும் எங்கள் பக்கம் ஒதுங்கின. அப்புறம் புதிதாக ஆள் எடுப்பது மெல்ல நின்றது. வேலை குறைந்தது ஒரு காரணம். ஆனால் எடுத்தாலும் அவர்களுக்குப் பழகக் கொடுக்க எங்களிடம் சுலபமான பதிவு எதுவும் மிச்சமில்லை.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. நுரையீரலில் ரத்தக்கட்டு இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிராஃப்டில் 'நோ' என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. அறிக்கை முழுக்க ஒரு எழுத்துப் பிழை கிடையாது, வாக்கியங்கள் அழகாக ஓடின. நான் கேட்டுக்கொண்டேதான் படித்தேன், அப்படியும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். கியூஏவில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். நானே டைப் அடித்திருந்தால் அந்தச் சொல் விட்டுப்போயிருக்காது, காது கேட்டதை விரல் அடித்திருக்கும். அடுத்தவர் எழுதி முடித்த சுத்தமான பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தேடுவது வேறு வகையான வேலை. மிஷின் பிளாங்க் விடாது. தெரியாத இடத்தையும் ஏதாவது ஒன்றால் நிரப்பிவிடும். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சு மென்பொருளைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளரும் சகாக்களும் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாரும் பேசாத வாக்கியங்களும் சொற்றொடர்களும் முளைத்திருந்தன. பேச்சுக்கு நடுவே மௌனம் நீளமாக இருந்த இடங்களில் இது அதிகம். 1 சதவீதம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் எந்த ஒரு சதவீதம் என்று தெரியாததால் நூறையும் படித்தாக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, டிரான்ஸ்கிரிப்ஷனைச் சாய்த்தது அந்த மிஷின்தான் என்று நீங்கள் முடிவு செய்தால் பாதிதான் சரி. பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2009இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, மருத்துவ ஆவணங்களைக் கணினிக்கு மாற்றுகிற டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகை கொடுத்தது. திரையில் கட்டங்கள், டிக் அடிக்க வேண்டியவை, முன்கூட்டியே எழுதி வைத்த பத்திகள். டாக்டரே நிரப்பிவிட்டால் நம்மிடம் பேசி அனுப்ப வேண்டியதில்லை. எங்கள் வேலை அமெரிக்க டாக்டரின் ராத்திரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2016இல் அங்கே டாக்டர்களோடு கூடவே இருந்து நேரம் கணக்கிட்டார்கள். நோயாளியோடு நேராகச் செலவிட்டது வேலை நேரத்தில் 27 சதவீதம், கணினியிலும் மேசை வேலையிலும் போனது 49 சதவீதம். அந்தச் சுமை தாங்காமல் 'ஸ்கிரைப்' என்று எழுதித் தர ஆள் வைத்தார்கள். அதில் ஒரு பகுதி இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் திரும்பி வந்தது. இப்போது அந்த இடத்துக்கு ஏஐ வந்திருக்கிறது: டாக்டரும் நோயாளியும் பேசுவதை அறையிலேயே கேட்டு நோட்ஸ் எழுதிவிடுகிறது. இந்தத் துறையில் பெரிய பெயரான நுவான்ஸ் நிறுவனத்தை 2021இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கைசர் பெர்மனென்ட்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பு 2024இல் தன் 40 மருத்துவமனைகளுக்கும் இப்படி ஒரு மென்பொருளைக் கொண்டுபோவதாகச் சொன்னது.

இந்தக் கதையை இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வேலைக்கு என்ன ஆகும் என்பதை மிஷினின் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. யார் பணம் கொடுக்கிறார்கள், எந்தச் சட்டம் வருகிறது, கூலியை எந்த அலகில் கணக்கிடுகிறார்கள் என்பவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. செய்தியில் வருவது மிஷினின் திறமை மட்டும்.

சரி, கோடிங்குக்கு வருவோம். நோயாளியின் சார்ட்டை, அதாவது சிகிச்சை ஆவணத்தைப் படித்து, நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உரிய எண்களைக் குறிப்பது. அந்த எண்களை வைத்துத்தான் இன்சூரன்ஸ் பணம் தரும். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-9 என்ற பழைய பட்டியலிலிருந்து ஐசிடி-10க்கு மாறியது. சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஒரே நாளில் 68,000 பக்கம் போயின. சென்னை, கோவை, திருச்சி, சேலம் என்று பயிற்சி நிலையங்கள் பெருகியதில் அந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓர் எண் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கீழே விழுந்து வலது மணிக்கட்டுப் பக்கம் எலும்பு முறிந்து வருகிறவருக்கு எஸ்52.501ஏ. இடது கை என்றால் 501 என்பது 502 ஆகும். கடைசியில் வரும் ஏ என்ற எழுத்தைப் புதியவர்கள் எல்லாரும் முதல் தடவை வந்தவர் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை, முறிவுக்கான சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேறொரு டாக்டரிடம் மூன்றாவது தடவையாகப் போனாலும், அறுவை சிகிச்சைக்காகப் போயிருந்தால் 'ஏ'தான். கட்டுப் போட்டு ஆறிவருகிற கட்டத்தில் பார்க்கப் போனால் 'டி'.

இன்னொன்று. டாக்டர் 'அநேகமாக நிமோனியா' என்று எழுதியிருக்கிறார். வெளிநோயாளி என்றால் நீங்கள் நிமோனியாவுக்கான குறியீட்டைப் போடக் கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறியைத்தான் குறிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்து டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதே 'அநேகமாக' இருந்தால் நிமோனியா இருப்பதாகவே குறிக்கலாம். இது விதி, விதியை மிஷின் கற்றுக்கொள்ளும். ஆனால் மார்பகப் புற்றுநோய் 'ஹிஸ்டரி' என்று எழுதி, அதே சார்ட்டில் ஹார்மோன் மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் முடிந்த கதையா, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறதா, திரும்ப வராமல் இருக்க முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கிறார்களா? சார்ட்டில் பதில் இல்லை என்றால் கோடர் ஊகிக்கக் கூடாது, டாக்டருக்குக் க்வெரி அனுப்ப வேண்டும். 2001இல் எனக்குக் கற்றுக் கொடுத்த பிளாங்க்தான் இந்தக் க்வெரி.

மிஷின் இப்போது எங்கே நிற்கிறது? நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2024இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏஐ மாடல்களிடம் நோயின் விளக்கத்தைக் கொடுத்து அதற்கான குறியீட்டைச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சோதித்தவற்றில் முதலிடம் ஜிபிடி-4க்கு, அதுவும் ஐசிடி-10இல் சுமார் 34 சதவீதம்தான் மிகச் சரியாகச் சொன்னது. இதைக் காட்டி 'பார்த்தீர்களா, ஏஐயால் முடியாது' என்று சில பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. அது நேர்மையான வாதம் இல்லை. அந்தச் சோதனையில் மாடலிடம் புத்தகம் கொடுக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்லச் சொன்னார்கள். நம்மில் யாரையும் அப்படிக் கேட்டால் அதைவிட மோசமாகத்தான் சொல்வோம். குறியீட்டுப் பட்டியலைத் தேடிப் பார்க்க வசதி செய்து கொடுத்தால் நிலைமை நிறைய மாறும். ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன்), பேத்தாலஜி (ஆய்வகப் பரிசோதனை) மாதிரி ஒரே வடிவத்தில் வருகிற சார்ட்டுகளில் ஒரு பகுதி மனிதக் கை படாமலே போய்க்கொண்டிருப்பதை நான் பார்க்கிறேன்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது. சுலபமான சார்ட்டுகள் முதலில் போகும். போய்க்கொண்டிருக்கின்றன. மிச்சமுள்ளவற்றில் மிஷின் போட்டதைச் சரிபார்க்கும் வேலை கூடும், மணிக்கு இத்தனை சார்ட் என்ற டார்கெட் ஏறும். வரிக்குப் பாதிக் காசு என்று 2008இல் நான் பார்த்தது வேறு பெயரில் வரும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எனக்குக் கவலை தருவது புதியவர்கள் நிலை. ரேடியாலஜி, சின்னச் சின்ன அவசரப் பிரிவு கேஸ்கள் ஆகியவற்றில்தான் ஃப்ரெஷர்களைப் பழக்குவோம். ஒரு நாளைக்கு நூறு எக்ஸ்ரே அறிக்கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டு, நேராகச் சிக்கலான அறுவை சிகிச்சை சார்ட்டை ஆடிட் செய் என்று ஒருவரை உட்கார வைத்தால் அவர் எதை வைத்துத் தவறைப் பிடிப்பார்? நான் 'நோ'வைத் தவறவிட்டபோது எனக்கு ஏழு வருட அனுபவம் இருந்தது.

மற்ற துறைகளில் நடப்பதைப் பார்த்தால், ஆய்வாளர்களே இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2025இல் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தார்கள். ஏஐ அதிகம் தொடுகிற வேலைகளில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே வேலையில் இருந்த மூத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. நான் சொல்கிற படிக்கட்டுக் கதைக்கு இது பொருந்துகிறது. ஆனால் அதே வருடம் டென்மார்க்கில் 25,000 தொழிலாளர்களின் பதிவுகளைப் பார்த்தவர்கள், சாட்ஜிபிடி வந்து இரண்டு வருடம் ஆகியும் சம்பளத்திலோ வேலை நேரத்திலோ 1 சதவீதத்துக்கு மேல் எந்த மாற்றமும் இல்லை என்று கண்டார்கள். இன்னொரு ஆய்வு, வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேரைப் பார்த்தது. ஏஐ உதவியால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது, புதியவர்களுக்கு மட்டும் 34 சதவீதம். அதாவது ஏஐ புதியவரைத் தூக்கிவிடவும் செய்கிறது. என் வாதத்துக்கு எதிரான சான்று இது, அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தப் புதியவர்கள் ஏற்கெனவே வேலைக்குள் இருந்தவர்கள். உங்கள் கேள்வி வாசலைத் தாண்டுவதைப் பற்றியது.

கோடர்களின் மொத்த எண்ணிக்கை ஐந்து வருடத்தில் பாதியாகுமா, இப்படியே இருக்குமா என்பதை அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், எந்தப் பக்கம் பேசினாலும் சரி. ஜெஃப்ரி ஹிண்டன் ஏஐயின் முன்னோடிகளில் ஒருவர், 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவரே 2016இல், ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் மிஷின் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். இன்றும் அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்ட் கிடைக்காமல் மருத்துவமனைகள் தவிக்கின்றன. கோடிங்குக்கும் சாதகமாகச் சில உண்டு. தெரிந்தோ அலட்சியமாகவோ தவறான குறியீடு போட்டு அரசுப் பணம் வாங்கினால் மூன்று மடங்கு வரை திருப்பிக் கட்ட வைக்கிற சட்டம் அங்கே இருக்கிறது, 1863இல் லிங்கன் காலத்தில் வந்தது. மிஷின் போட்டது என்று சொல்லி மருத்துவமனை தப்பிக்க முடியாது. ஆகவே யாரோ ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். அந்த ஒருவர் இங்கே சென்னையில் இருப்பாரா, அங்கேயே இருப்பாரா என்பதில்தான் எனக்கு நிச்சயமில்லை. ஆயிரம் பேர் செய்ததை நூறு பேர் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டால், நூறு பேருக்காக கடல் தாண்டி வர வேண்டிய அவசியம் குறையும். கூலி மலிவு என்பதால்தான் இந்த வேலை நம்மிடம் வந்தது, அதை மறக்கக் கூடாது.

இதில் நான் மிகவும் வருத்தப்படுவது ஒரு விஷயத்துக்கு. 2001இல் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது வேலை கொடுத்த நிறுவனம். மூன்று மாதம் சொல்லிக் கொடுத்து, குறைவாகத்தான் என்றாலும் உதவித்தொகையும் கொடுத்தார்கள். நான் தேறாமல் போயிருந்தால் நஷ்டம் அவர்களுக்கு. இன்றைக்கு அந்த நஷ்டத்தை நாமக்கல்லில் ஒரு அப்பா வட்டிக்கு வாங்கிச் சுமக்கிறார். தேர்வுக் கட்டணம் தனி, புத்தகம் தனி, சென்னையில் ஹாஸ்டல் தனி. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். தர்மபுரி, பெரம்பலூர், விருதுநகர் என்று ஊரை விட்டு முதல் முறையாக வெளியே வந்தவர்கள். இந்தச் சம்பளத்தில்தான் தம்பியைப் படிக்க வைத்தார்கள், கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப் போட்டார்கள், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்து நின்றார்கள். டிரான்ஸ்கிரிப்ஷன் சுருங்கியபோது என்னோடு இருந்த பதினோரு பேரில் நான்கு பேர்தான் வேறு வேலைக்கு மாற முடிந்தது. மற்றவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் புதிதாகப் படிக்க அவர்கள் வீட்டில் வழி இருக்கவில்லை. ஏஐ சமூகத்தை என்ன செய்யும் என்று பெரிதாகப் பேசுகிறவர்கள் இந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஆறு மாதத்துக்கு யாராவது பணம் கொடுத்திருந்தால் பதினோரு பேரும் இன்று ஏதோ ஒரு மேசையில் இருந்திருப்பார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கோடிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறுவனங்கள் ஃப்ரெஷரை நேரடியாக எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுப்பது இன்னும் முழுக்க நின்றுவிடவில்லை, எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது. ஆறு மாதம் அதற்கு முயற்சி செய்யுங்கள். பயிற்சி நிலையத்தில்தான் சேர வேண்டும் என்றால், போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இப்போது வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அதில் இரண்டு பேரிடம் நேரில் பேசுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ஃபோட்டோக்கள் நான்கைந்து வருடம் பழையவையாக இருக்கலாம். எந்த ஸ்பெஷாலிட்டியில் பயிற்சி என்று கேளுங்கள். ரேடியாலஜி மட்டும்தான் என்றால் அந்த 40,000 கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை, உள்நோயாளி சார்ட்டுகள், டெனயல் ஆகி (இன்சூரன்ஸ் பணம் தர மறுத்து) வந்த கிளெய்மை எடுத்து ஏன் மறுத்தார்கள் என்று படிப்பது, இவற்றைச் சொல்லித் தருகிற ஆசிரியர் இருந்தால் யோசிக்கலாம். உங்கள் மைக்ரோபயாலஜி வீண் போகாது. ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்து அந்தக் கிருமிக்கும் டாக்டர் எழுதிய நோய்க்கும் பொருந்துகிறதா என்று உங்களால் கேட்க முடியும், அந்தக் கேள்வி பலருக்குத் தோன்றாது.

காசு கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஐசிடி-10இன் அதிகாரபூர்வ வழிகாட்டி விதிகளை அமெரிக்க அரசு ஒவ்வொரு வருடமும் இலவசமாக வெளியிடுகிறது. நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல், ஃபோனிலேயே இறக்கிக்கொள்ளலாம். சிகிச்சை முறைகளுக்கான சிபிடி புத்தகம்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அது இப்போது தேவையில்லை. இந்த விதிகளை ஒரு நாளைக்கு ஐந்து பக்கமாக மூன்று வாரம் படியுங்கள். புரியாத சொல்லுக்கு உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், ஏஐயிடமும் கேளுங்கள், ஆனால் அது சொன்னதை விதியோடு ஒத்துப் பார்த்து எங்கே தவறியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் சொன்ன நிமோனியா விதி அந்த ஆவணத்தில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். அந்த இரண்டு இடத்தையும் தேடிக் கண்டுபிடித்து, ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதை நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். அப்பாவிடம் அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.